ஏழாம் பள்ளி மாதிரி

கல்வி இந்த உலகில் இரண்டு முறை தோன்றியது. முதல் முறை எப்போது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாம் முறை, எங்கள் துணைவேந்தர் பதவியேற்ற வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் உட்கார நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளியவன் நான்.

நான் அவருடைய தனிச் செயலர். கோப்பு, கடிதம், மேடை உரை, கண் சொட்டு மருந்து ஆகிய நான்கும் என் பொறுப்பு.

இளமையில் அவர் ஒரு பள்ளியில் பதினோரு நாட்கள் பாடம் நடத்தினார். பன்னிரண்டாம் நாள் ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார். உள்ளே இருப்பவரால் வகுப்பறையைப் பார்க்க முடியாது என்பது அவருடைய முதல் கண்டுபிடிப்பு. அதன் பிறகு முப்பத்தோரு ஆண்டுகள் அவர் எந்த வகுப்பறைக்குள்ளும் போகவில்லை. கொள்கை உறுதி என்றால் இது.

அவர் எழுதிய கட்டுரைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு மனிதனால் இத்தனை எழுத முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. அதனால்தான் அவருக்குப் பதினேழு ஆய்வு மாணவர்கள்.

இதற்கு ஒரு முறை உண்டு. ஆய்வு மாணவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். இரண்டு பிரதிகள். ஒன்று கோப்புக்குப் போகும். மற்றது துணைவேந்தரின் மேசைக்குப் போகும். மேசைக்குப் போனது என்னிடம் வரும். நான் அதைத் தட்டச்சு செய்து, மேலே அவர் பெயரைப் போட்டு, ஆய்விதழுக்கு அனுப்புவேன். மாணவரின் பெயர் நன்றியுரையில் இடம்பெறும். பக்கம் போதாவிட்டால் நன்றியுரை இடம்பெறாது.

பதினேழு பேரில் ஒருவர் முப்பத்து நான்கு வயதுப் பெண். ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். கணவர் லாரி ஓட்டுகிறார். 'ஜூன் முப்பதுக்குள் முனைவர் பட்டம் வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள்' என்று கல்லூரி எழுத்தில் சொல்லியிருந்தது. அவருடைய ஆய்வு, பிள்ளைகள் ஏன் பள்ளியைப் பாதியில் விடுகிறார்கள் என்பது பற்றியது. எங்கள் மொழியில் இதற்கு 'இடைநிற்றல்' என்று பெயர். அதற்காகப் பதினான்கு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஆறு ஆண்டுகள் பேருந்திலும் நடந்தும் போய் வந்தார். பள்ளி பற்றி எழுதப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று யாரோ அவருக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாம் ஆண்டு அவர் தந்த அறிக்கையில் ஓர் அட்டவணை இருந்தது. பதினான்கு பள்ளிகளுக்கும் எண்கள். ஏழாம் பள்ளியின் வரிசையில் மட்டும், பதிவேட்டில் உள்ள பிள்ளைகள் அறுபத்தொன்று. மற்ற எல்லாக் கட்டங்களிலும் சிறு கோடு. ஆசிரியர், கோடு. அடி வாங்கிய பிள்ளைகள், கோடு. புகார், கோடு. இடைநிற்றல், கோடு. கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'பள்ளி மூடப்பட்டுள்ளது. பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்படவில்லை.'

அந்தக் கோடுகளைக் கணினி ஏற்கவில்லை. 'எண்ணை உள்ளிடவும்' என்றது. நான் பூஜ்யத்தை உள்ளிட்டேன். அடிக்குறிப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடியது. ஆய்விதழில் எட்டுப் பக்கம்தான் அனுமதி. எனவே அடிக்குறிப்பை விடுவித்தேன். பெரிய கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் இப்படிச் சில எளிய கைகள் இருக்கும். வெளியே தெரியாது.

கையெழுத்துக்காக அவர் முன் வைத்தேன். துணைவேந்தர் கட்டுரையைப் படிக்கும் வழக்கம் உள்ளவர் அல்ல. அன்று மின்சாரம் இல்லை. படித்தார்.

"என்னய்யா இது?"

"ஏழாம் பள்ளி சார்."

"ஆசிரியர் பூஜ்யமா?"

"பூஜ்யம் சார்."

"அடி, திட்டு, புகாரு?"

"எல்லாம் பூஜ்யம் சார்."

"பதிவேட்டுல அறுபத்தோரு பிள்ளைங்க. ஒருத்தர்கூடப் பாதியில நிக்கல!" கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷமா இதத்தான்யா தேடிட்டிருந்தேன்."

நான் கண் சொட்டு மருந்தை எடுத்தேன். வேண்டாம் என்று கையசைத்தார். அன்று அவர் கண்ணில் வந்தது சொந்தச் சரக்கு.

'தலையிடாக் கல்வி' என்னும் கோட்பாடு இப்படிப் பிறந்தது. ஆசிரியர், பாடம், மணி, கரும்பலகை ஆகிய நான்கும் குழந்தைக்கும் கல்விக்கும் இடையே நிற்கும் தடைகள். இவற்றை நீக்கிய பள்ளியில் ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை. இவை அனைத்தும் உள்ள எட்டாம் பள்ளியில் நாற்பத்திரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஆதாரம், அட்டவணை இரண்டு. ஒரு மாநாட்டில் யாரோ எழுந்து, "அந்தப் பள்ளியில குழந்தைங்க இருக்காங்களா?" என்று கேட்டார். "குழந்தை ஐந்தாவது தடையா என்பது எங்கள் அடுத்த கட்ட ஆய்வு" என்றார் துணைவேந்தர். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

விருதுகள் வந்தன. நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொல்லத்தான் போனேன். மூன்று முறை. முதல் முறை விருது வந்திருந்தது. இரண்டாம் முறை அவர் விருது வாங்கப் போயிருந்தார். மூன்றாம் முறை, விருதுகளுக்கு அலமாரி செய்யத் தச்சர் அளவெடுத்துக்கொண்டிருந்தார். தச்சர் முன்னால் அறிவியல் பேசுவது முறையல்ல.

இந்த நிலையில்தான் அந்தப் பெண் ஆய்வேட்டை முடித்துக் கொண்டுவந்தார். நானூறு பக்கம். முதலில் நகல் சோதனைக்குப் போனது. அறுபத்து மூன்று விழுக்காடு துணைவேந்தரின் கட்டுரைகளிலிருந்து எடுக்கப்பட்டது என்று மென்பொருள் கண்டுபிடித்தது. துணைவேந்தர் பெருந்தன்மையோடு மன்னித்தார். அவர் மன்னிக்க முடியாதது பக்கம் இருநூற்றுப் பதினொன்றில் இருந்தது. 'ஏழாம் பள்ளி நான்கு ஆண்டுகளாக மூடப்பட்டுள்ளது.' அதோடு ஒரு பின்னிணைப்பு. அறுபத்தொரு பிள்ளைகளின் பெயர், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம். ஏழாம் பள்ளியை மூடியதும் அத்தனை பேரும் நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள எட்டாம் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். பத்தொன்பது பேர் இன்றும் அங்கே படிக்கிறார்கள். சாலையைக் கடக்க முடியாமல் நின்றவர்கள் நாற்பத்திரண்டு பேர்.

துணைவேந்தர் அவரை அழைத்தார். நான் குறிப்பெடுக்க நின்றேன்.

"உக்காரும்மா. எரநூத்திப் பதினோராம் பக்கம். என்ன இது?"

"பள்ளிக்கூடம் மூடியிருக்கு சார்."

"இதப் பத்தி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். படிச்சியா?"

"படிச்சேன் சார். அது என் அட்டவணைதானே சார்."

இதை நான் குறிப்பெடுக்கவில்லை.

"அட்டவணை யார் வேணாலும் போடலாம்மா. அதுல என்ன இருக்குன்னு பாக்கத்தான் ஆள் வேணும்."

"நான் போனப்ப பூட்டு தொங்குச்சு சார்."

"என்னைக்குப் போன?"

"செவ்வாய்க்கிழமை."

"ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை!"

"ஒன்பது தடவை போனேன் சார். எல்லாக் கிழமையும்."

"ஒன்பதும் நீ போன நேரம். நீ போகாத நேரம்னு ஒண்ணு இருக்கில்ல? அப்ப என்ன நடக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியை எந்த ஆராய்ச்சியாளராலும் தாண்ட முடியாது. நான் குறிப்பேட்டில் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதினேன். பெண் எதையும் மாற்றவில்லை. ஆய்வேடு அப்படியே வெளித்தேர்வாளருக்குப் போனது.

வாய்மொழித் தேர்வு ஜூன் இருபத்தொன்பது. வெளித்தேர்வாளர் வேறொரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். எங்களவரின் நண்பர். இவருடைய மாணவர்களை அவர் தேர்வு செய்வார், அவருடைய மாணவர்களை இவர். இருபது ஆண்டுகளில் இரு பக்கமும் ஒரு தோல்விகூட இல்லை. அவருக்கு 'தலையிடாக் கல்வி' மீது உண்மையான பக்தி. ஆய்வேட்டை வழக்கம்போல அட்டையிலிருந்து அட்டை வரை பார்த்திருந்தார். நடுவில் உள்ளதைப் பார்க்கவில்லை. தேர்வு தொடங்குமுன் அவர் கைகூப்பிக் கேட்டது ஒன்றுதான்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு அந்த ஏழாம் பள்ளியப் பாக்காமப் போறதா? ஒரே ஒரு எட்டு, போயிட்டு வந்துடுவோமே."

பக்தன் கேட்டால் மறுக்க முடியாது. இரண்டு கார்களில் கிளம்பினோம். முன் காரில் இரண்டு துணைவேந்தர்கள். பின் காரில் நானும் அந்தப் பெண்ணும் தண்ணீர்ப் புட்டிகளும்.

தாழ்வான ஓட்டுக் கட்டடம். கதவில் பூட்டு. உடைந்த சன்னல் வழியே சிமென்ட் மூட்டைகள் தெரிந்தன. வாசலில் ஒரு காவல்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி," என்றார் அந்தப் பெண்ணைப் பார்த்து. "என்ன இன்னைக்கு, பெரிய கூட்டத்தோட?"

வெளித்தேர்வாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். "பள்ளிக்கூடம் எங்கப்பா?"

"இதான் சார். இப்போ சிமென்ட் குடோன்."

"பிள்ளைங்க?"

"அவங்க போயி நாலு வருஷமாச்சே."

தொலைந்தோம் என்று நினைத்தேன். என் போன்ற சிறியவர்கள் அப்படித்தான் நினைப்போம். துணைவேந்தர் நிதானமாகப் படியேறினார். பூட்டைத் தொட்டார். விரலில் ஒட்டிய துருவை நண்பருக்குக் காட்டினார்.

"பாத்தீங்களா? நாலு வருஷமா யாரும் கைய வைக்கல. துளி தலையீடு கெடையாது."

வெளித்தேர்வாளர் துருவைக் குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா."

"ஏம்ப்பா," துணைவேந்தர் காவல்காரரிடம் திரும்பினார், "இந்த நாலு வருஷத்துல இங்க படிப்ப யாராவது பாதியில விட்டாங்களா?"

"இங்கயா? இங்கதான் யாருமே இல்லையே சார்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. விட்டாங்களா, இல்லையா?"

"இல்ல சார்."

"எழுதிக்கோங்க" என்றார் துணைவேந்தர். வெளித்தேர்வாளர் எழுதிக்கொண்டார்.

அந்தப் பெண் முன்னால் வந்தார். "அண்ணே, உங்க பொண்ணு என்ன பண்ணுதுன்னு இவங்ககிட்ட சொல்லுங்க."

காவல்காரர் எழுந்து நின்றார். "ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டாங்க சார். ரெண்டு மாசம் போச்சு. ஒருநாள் லாரி இடிக்கப் பாத்துச்சு. மயிரிழையில தப்பிச்சுது. அவங்கம்மா இனிமே அனுப்ப மாட்டேன்னுட்டா. இப்ப வீட்ல தம்பியப் பாத்துக்குது." சாலைப் பக்கம் பார்த்தார். "கணக்கு நல்லாப் போடும் சார்."

"எந்தப் பள்ளியில இருந்து நின்னுச்சு?" துணைவேந்தரின் குரலில் அவ்வளவு கனிவு.

"அந்தப் பக்கத்துல இருந்து."

"பாத்தீங்களா! மணி அடிக்கிற பள்ளி. கரும்பலகை இருக்கிற பள்ளி. நாலு ஆசிரியர் இருக்கிற பள்ளி."

"அற்புதம்" என்றார் வெளித்தேர்வாளர். அதையும் எழுதிக்கொண்டார்.

கார் கதவைத் திறக்கும்போது காவல்காரர் ஓடிவந்தார். "சார், நீங்க பெரிய எடத்துல இருக்கீங்க. மூட்டைய எங்கயாவது மாத்திட்டு இதத் திறக்கச் சொல்லுங்களேன். புண்ணியமாப் போகும்."

துணைவேந்தர் அவர் தோளில் கை வைத்தார். அந்தத் தோளில் சிமென்ட் தூள் இருந்தது. அதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

"திறந்தா எல்லாம் கெட்டுப்போயிடும்ப்பா" என்றார்.

அன்று மாலையே தேர்வு முடிவு வந்தது. 'ஆய்வேடு சிறப்பானது. ஒரு சிறு திருத்தத்துக்கு உட்பட்டுப் பட்டம் வழங்கலாம். பக்கம் இருநூற்றுப் பதினொன்றில் உள்ள வாக்கியத்தையும் பின்னிணைப்பையும் நீக்குக. நிறுவப்பட்ட கோட்பாட்டுக்கு முரணானவை. நாளை மாலை ஐந்து மணிக்குள்.' நாளை என்பது ஜூன் முப்பது.

மறுநாள் மூன்று மணிக்கு அந்தப் பெண் என் அறைக்கு வந்தார். திருத்தப் படிவத்தை அவர் முன் வைத்தேன். கையெழுத்து இட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தேன்.

"போடலன்னா?"

"பட்டம் இல்லம்மா. பட்டம் இல்லன்னா வேலையும் இல்ல. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"இப்ப போட்டுருங்க. பட்டம் வாங்கினப்புறம் உண்மைய எழுதிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"அப்படி யாராவது எழுதியிருக்காங்களா சார்?"

எங்கள் நூலகம் பெரியது. நான் முழுவதும் தேடியதில்லை.

அவர் படிவத்தைத் திருப்பி வைத்தார். "நான் கோடு போட்டுத்தானே குடுத்தேன் சார்? அது எப்படிப் பூஜ்யமாச்சு?"

"கணினி ஏத்துக்கலம்மா."

"கணினி முன்னால யாரு உக்காந்திருந்தாங்க?"

டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"டீ வேணாம். ஒரு வரி போதும். 'மூலத்துல கோடுதான் இருந்தது, பூஜ்யம் நான் போட்டது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தேர்வாளர் ஆறு மணி வரைக்கும் விருந்தினர் விடுதியிலதான் இருக்காரு. அதக் காட்டினா அவரால மறுக்க முடியாது. நான் எழுதின பக்கமும் அப்படியே இருக்கும், பட்டமும் கிடைக்கும்." அவர் குரல் அப்போதுதான் முதல் முறையாக இறங்கியது. "என் வீட்டுக்காரர் ஆறு வருஷமா ராத்திரி பகலா வண்டி ஓட்டுறாரு சார், நான் இத முடிக்கணும்னு."

ஒரு வரி. நான் வெள்ளைத்தாளை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். 'மூலத்தில்' என்று எழுதியும்விட்டேன்.

உள்ளேயிருந்து அழைப்பு மணி அடித்தது.

துணைவேந்தர் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் ஒரு கடிதம். நாட்டின் பள்ளிச் சீரமைப்பு ஆணையத்துக்கு அவரைத் தலைவராக நியமித்திருந்தார்கள். ஏழாம் பள்ளி மாதிரியை எல்லா இடங்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது பணி.

"அங்க எனக்கு ஒரு செயலாளர் வேணுமாம்" என்றார். "வேற யாரைய்யா கேக்கப்போறேன்? வர்றல்ல?"

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் பத்தாம் வகுப்பு. என் ஓய்வுக்கு நான்கு ஆண்டுகள் இருந்தன. நாற்காலியைத் தள்ளுகிறவனுக்கு நாற்காலி கிடைப்பது அரிது.

"வர்றேன் சார்."

திரும்பி வந்து வெள்ளைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன். அந்தப் பெண் தன் பேனாவை நீட்டினார். மூத்தவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற நாகரிகம் இந்தத் தலைமுறைக்கு இல்லவே இல்லை.

நான் பேனாவை வாங்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் அதை நீட்டியபடியே இருந்தார். பிறகு மூடிப் பைக்குள் போட்டார். திருத்தப் படிவத்தை இரண்டாகக் கிழிக்கவில்லை, என் முகத்தில் எறியவில்லை. நேராக மேசை ஓரத்தில் வைத்தார். ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் பிள்ளைங்க பேர நீக்க மாட்டேன் சார்" என்றார். "அவங்கள ஏற்கெனவே எல்லா எடத்துலயும் நீக்கியாச்சு."

மணி மூன்று நாற்பது. ஐந்து மணி வரை காத்திருந்தேன். விதி விதிதானே. ஐந்து அடித்ததும் கோப்பை மூடினேன். ஜூலை முதல் தேதி அவருடைய வகுப்பில் வேறொருவர் பாடம் நடத்தினார்.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆண்டறிக்கை தயாரிக்கும்போது ஒரு சிக்கல். ஆய்வு மாணவர் சேர்க்கை பதினேழு, பட்டம் பெற்றோரும் தொடர்வோரும் பதினாறு, இடைநிற்றல் ஒன்று.

"ஒண்ணா?" துணைவேந்தர் அறிக்கையைத் தள்ளி வைத்தார். "இடைநிற்றலே இல்லாமப் பண்ணப்போற ஆணையத்துக்குத் தலைவராப் போறவன்யா நான். என் சொந்தப் பல்கலைக்கழகத்துல ஒண்ணா?"

"ஒண்ணுதான் சார்."

"ஒண்ணு பெரிய எண்ணுய்யா." யோசித்தார். பெரிய மூளை வேலை செய்யும்போது அறையில் ஒரு குளிர்ச்சி பரவும். "ஒருத்தர் பாதியில நிக்கணும்னா மொதல்ல என்ன பண்ணணும்?"

"சேரணும் சார்."

"அவ்வளவுதான்" என்றார்.

கோப்பை நான்தான் எழுதினேன். பொருள்: பதிவில் காணப்பட்ட பிழையைக் களைதல், தொடர்பாக. சேர்க்கைப் பதிவேடு, கட்டண ரசீதின் அடிக்கட்டை, நூலக அட்டை, வருகைப் பட்டியல், பன்னிரண்டு முன்னேற்ற அறிக்கைகளின் முதல் பக்கம். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலிருந்தும் அந்தப் பெண்ணின் பெயரை எடுத்தேன். நன்றியுரைகளில் எனக்கு வேலை இருக்கவில்லை. துணைவேந்தரின் தொலைநோக்கு அப்படி.

ஆணையத்தின் முதல் உத்தரவு சென்ற மாதம் வெளியானது. எட்டாம் பள்ளியிலிருந்து மணி, கரும்பலகை, நான்கு ஆசிரியர்கள் ஆகிய தடைகள் நீக்கப்பட்டன. சாவி எங்கள் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பொறாமைக்காரர்கள் வாயை மூடவில்லை. அவர்களுக்கு நான் சவாலாகச் சொல்கிறேன். எங்கள் துணைவேந்தரின் ஆறாண்டு ஆட்சியில் ஒருவராவது படிப்பைப் பாதியில் விட்டார் என்றால், ஒரே ஒரு பெயரைக் காட்டுங்கள். காட்ட முடியாது.

நான் அவ்வளவு சுத்தமாக அழித்திருக்கிறேன்.